எடையில்லாத காங்கிரீட்: செகண்ட் லைஃபில் ஒரு புரூட்டலிஸ்ட் வீடு

செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்தில் காங்கிரீட்டுக்கு எடை கிடையாது. 14 மீட்டர் நீளச் சுவரை விரல் நுனியால் வானத்தில் தொங்கவிடலாம், கீழே தூண் கேட்காது. புரூட்டலிசமோ முழுக்க முழுக்க எடையைப் பற்றிய கட்டடக்கலை. அதனால் இங்கே கட்டுகிறவரின் வேலை ஒன்றுதான்: பார்க்கிறவர் கண்ணுக்கு அந்த எடையை உணர்த்துவது. சாம்பல் நிற டெக்ஸ்சர் (பரப்பில் ஒட்டும் படம்) ஒன்றை வாங்கிப் பெட்டியில் ஒட்டினால் அந்த எடை வராது. சுவரின் கனம், பலகைக் கோடுகள் வந்து சேரும் இடம், வெளிச்சம் விழும் கோணம், இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் வரும்.

கோணிப்பை நிறத்தில் நாலு சோபா, சுவரில் ஒரு ஓவியம், மூலையில் ஒரு செடி என்று நிரப்பும் வீட்டில் சின்னச் சின்னப் பிசகுகள் பொருட்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மினிமலிச வீட்டில் ஒளிய இடமே இல்லை. இரண்டு சுவர் சேரும் இடத்தில் கோடு ஒரு சென்டிமீட்டர் விலகினாலும் உள்ளே நுழைந்த கணமே தெரிந்துவிடும்.

இடத்தை முதலில் முடிவு செய்துவிட வேண்டும். செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேப் தரும் லிண்டன் ஹோம்ஸ் பகுதியில் வீட்டின் வடிவம் அவர்கள் கொடுப்பதுதான். நாம் வடிவமைக்க முடிவது உள்ளே மட்டும். சொந்தமாகக் கட்ட மெயின்லேண்டில் ஒரு மனை வேண்டும், அல்லது தனியார் எஸ்டேட்டில் வாடகை இடம், அல்லது உயரத்தில் ஒரு ஸ்கைபாக்ஸ். மெயின்லேண்டில் 1024 சதுர மீட்டர் மனைக்கு 351 லேண்ட் இம்பாக்ட் (மனையில் எவ்வளவு பொருள் வைக்கலாம் என்ற கணக்கு) கிடைக்கும், இந்த வீட்டுக்கு அது தாராளம். ஸ்கைபாக்ஸை இந்தப் பாணிக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. மண் இல்லாத இடத்தில் காங்கிரீட் மிதக்கும் பெட்டியாகிவிடும். வேறு வழியில்லை என்றால் வீட்டைவிட நாலு பக்கமும் ஐந்தாறு மீட்டர் அகலமான தடித்த தளம் ஒன்றைப் போட்டு அதன் மேல் நிறுத்துங்கள்.

ஒரே அளவு, வீடு முழுக்க

நம் ஊர்க் கட்டட வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, காங்கிரீட் ஊற்றி, இறுகிய பிறகு பலகையைக் கழற்றினால் ஒரு முகம் தெரியும் இல்லையா? நாம் வழக்கமாக அதன் மேல் பூசி மறைத்துவிடுகிறோம். அந்த முகத்தை மறைக்காமல் விடுவதுதான் இந்தப் பாணியின் அடிப்படை. 1952-ல் மார்செய் நகரில் கட்டடக் கலைஞர் லெ கார்புசியே முடித்த குடியிருப்பில் பலகையின் மரரேகைகூட அப்படியே சுவரில் பதிந்து நிற்கிறது. பிரெஞ்சில் 'பெத்தோன் புரூ' என்றால் பூச்சில்லாத காங்கிரீட். பாணியின் பெயர் அந்தச் சொல்லோடு ஒட்டி வந்தது.

மினிமலிசப் பக்கம் சாய்கிற வீட்டுக்கு முன்மாதிரி ஜப்பானியக் கட்டடக் கலைஞர் தடாவ் ஆண்டோ. 1976-ல் ஒசாகாவில் அவர் கட்டிய சுமியோஷி வீடும், 1989-ல் இபராகியில் முடித்த ஒளித் தேவாலயமும் இந்த வேலைக்கு உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடங்கள். அவருடைய சுவர்களில் பலகை அளவு 1.8 மீட்டருக்கு 0.9 மீட்டர், ஒரு ஜப்பானியப் பாய் அளவு. ஒவ்வொரு பலகையிலும் ஆறு துளைகள். இரண்டு பக்கப் பலகைகளையும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் இருந்த இடம் அவை. அழகுக்காகப் போட்டவை இல்லை.

அந்த அளவை அப்படியே செகண்ட் லைஃபுக்குக் கொண்டுவந்தால் வீடு நெரிசலாகத் தெரியும். அவதார்கள் பெரும்பாலும் 2 மீட்டரைத் தொடுகின்றன, கேமரா தலைக்குப் பின்னால் மேலே நிற்கிறது. கூரை 3 மீட்டரில் இருந்தால் கேமரா கூரைக்கு மேலே போய்விடும். அதனால் பலகையை மூன்றில் ஒரு பங்கு பெரிதாக்கி 2.4 மீட்டருக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி வீட்டின் எல்லா அளவும் இதிலிருந்துதான் பிறக்க வேண்டும். வீடு 14.4 மீட்டர் நீளம், 9.6 மீட்டர் அகலம். அதாவது நீளவாக்கில் ஆறு பலகை, அகலவாக்கில் நாலு. உள் உயரம் 4.8 மீட்டர், நாலு வரிசை. சுவரின் கனம் 0.6. வாசல் 2.4 அகலம், 3.6 உயரம். நடைபாதை எதுவும் 2.4-க்குக் குறைய வேண்டாம், குறைந்தால் கேமரா சுவருக்குள் புகுந்துவிடும்.

0.6 மீட்டர் கனம் அதிகமில்லையா என்று தோன்றும். நிஜத்தில் அதிகம்தான். ஆனால் இங்கே எடையைக் கண்ணுக்குச் சொல்வது சுவரின் முகம் இல்லை, திறப்பின் பக்கவாட்டில் தெரியும் அதன் கனம். 0.2 மீட்டரில் கட்டிய வீடு அட்டைப்பெட்டி போலத்தான் இருக்கும். வெயில் கசிவும் ஒரு காரணம், அதைப் பிறகு சொல்கிறேன்.

பத்தே பெட்டிகள்

இந்தப் பாணிக்கு மெஷ் (வெளி மென்பொருளில் செய்து ஏற்றும் வடிவம்) தேவையில்லை. சாதாரணப் பெட்டி ப்ரிம் (செகண்ட் லைஃபுக்குள்ளேயே உருவாக்கும் அடிப்படைத் துண்டு) போதும். ஒரு ப்ரிம் 64 மீட்டர் வரை நீளும். தள்ளிப் பார்க்கும்போது உருகிப்போகிற சிக்கலும் பெட்டிக்குக் கிடையாது. எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் பெட்டி பெட்டியாகவே நிற்கும்.

கிரிட் யூனிட்டை 0.6 என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். தரைத்தளம் 14.4, 9.6, கனம் 0.6. வடக்குச் சுவர் ஒரே துண்டு, 14.4 நீளம், 6.0 உயரம், இது மட்டும் கூரையைத் தாண்டி மேலே எழும். தெற்குச் சுவரில் நடுவே 4.8 அகலம், 3.6 உயரத்துக்குப் பெரிய திறப்பு. அதற்கு இடப்பக்கம் 4.8, வலப்பக்கம் 4.8, மேலே 4.8-க்கு 1.2 விட்டம் (உத்தரம்) என்று மூன்று துண்டு. மேற்குச் சுவர் ஒரே துண்டு, திறப்பில்லை. நீளச் சுவர்கள் இரண்டும் முழு நீளத்துக்கு ஓட, அகலச் சுவர்கள் அவற்றுக்கு நடுவில் அடங்குவதால் மேற்குச் சுவரின் நீளம் 9.6 இல்லை, 8.4.

கிழக்குச் சுவரில் வாசல். நடுவில் வைக்கக் கை போகும், வைக்காதீர்கள். 2.4 அகல வாசலை நடுவில் வைத்தால் அதன் இரண்டு ஓரமும் பலகையின் பாதியில் வந்து வெட்டும். மையக் கோட்டிலிருந்து ஒரு பக்கமாக வைத்தால் இரண்டு ஓரமும் பலகைக் கோட்டில் சரியாக விழும். அப்போது துண்டுகள் 4.2, 1.8, மேலே 2.4 விட்டம். கடைசியாகக் கூரை, 14.4-க்கு 8.4, கனம் 0.6. அகலம் ஏன் 8.4 என்றால் வடக்குச் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் 0.6 மீட்டர் இடைவெளி விடுகிறோம். வீட்டின் உயிர் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

எண்ணிப் பாருங்கள், பத்து ப்ரிம். எல்லாவற்றையும் லிங்க் செய்து, ஃபீச்சர்ஸ் டேபில் ஃபிசிக்ஸ் ஷேப் டைப்பை கான்வெக்ஸ் ஹல் என்று மாற்றினால் ஒரு பெட்டிக்குக் கணக்கு பாதியாகும், வீடு 5 லேண்ட் இம்பாக்டில் முடிந்துவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை. கான்வெக்ஸ் ஹல் குழியான வடிவத்தை நிரப்பிவிடும். ஒரே பெட்டியை ஹாலோ செய்து அறையாக்கி, அதற்கு இந்த அமைப்பைக் கொடுத்தால் வாசலில் கண்ணுக்குத் தெரியாத சுவர் முட்டும். தனித்தனிப் பெட்டிகளாகக் கட்டியதால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஹாலோவைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு: ஹாலோவின் உட்புறம் நாலு பக்கமும் சேர்ந்து ஒரே முகமாகக் கணக்காகும், அதில் பலகைக் கோட்டைச் சுவர் சுவராக ஒழுங்குபடுத்த முடியாது.

இடத்தை மவுஸால் இழுத்து வைக்காதீர்கள். எக்ஸ், ஒய், இசட் எண்களை ஆப்ஜெக்ட் டேபில் தட்டச்சு செய்யுங்கள். சுழற்சி மூன்றும் சரியாக 0, 90, 180, 270 என்று இருக்கிறதா என்று ஒவ்வொரு துண்டிலும் பாருங்கள். இழுத்து வைத்த துண்டில் 359.95 போன்ற எண் ஒளிந்திருக்கும். 14 மீட்டர் நீளத்தில் அது ஒரு சென்டிமீட்டர் விலகல், அந்த இடுக்கில் வானம் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி இடுக்கை மறைப்பதும் வேண்டாம். ஒரே தளத்தில் இரண்டு முகம் படிந்தால் கேமரா நகரும்போதெல்லாம் அந்த இடம் மினுங்கும். முட்டவிட வேண்டும், ஏற்றக் கூடாது.

டெக்ஸ்சர்: 1024 பிக்சலில் எட்டுப் பலகை

கடையில் விற்கும் காங்கிரீட் டெக்ஸ்சர்கள் பெரும்பாலும் அளவு தெரியாதவை. பலகைக் கோடு எத்தனை மீட்டருக்கு ஒன்று என்பது நம் கையில் இருக்க வேண்டுமானால் நாமே செய்வதுதான் வழி. கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள் போதும்.

1024-க்கு 1024 படம் ஒன்று, அது 4.8 மீட்டர் சதுரத்தைக் குறிக்கட்டும். அகலத்தில் இரண்டு பலகை, உயரத்தில் நாலு, மொத்தம் எட்டு. ஒரு பலகை 512-க்கு 256 பிக்சல். மீட்டருக்குச் சுமார் 213 பிக்சல் வருகிறது. நின்று பார்க்கும் தூரத்துக்கு இது போதும். பலகைக் கோடு 2 பிக்சல், அதாவது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். துளை 8 பிக்சல் விட்டம். துளைகளின் இடம் பலகையின் இடது ஓரத்திலிருந்து 85, 256, 427 பிக்சல். மேலிருந்து 64, 192. மூன்று நெடுவரிசை, இரண்டு கிடைவரிசை, ஆறு துளை. கண்ணளவில் வைத்தால் எட்டுப் பலகையிலும் எட்டு விதமாக விலகி நிற்கும், எண் போட்டு வையுங்கள்.

அடிப்படைக்கு நிஜச் சுவர் ஒன்றின் புகைப்படம் நல்லது. மேகமூட்டமான நாளில், நிழல் விழாத சுவரை நேர் எதிரே நின்று எடுத்தது. வெயிலில் எடுத்த படத்தில் வெளிச்சம் ஒரு திசையிலிருந்து வந்திருக்கும். அந்தத் திசை டெக்ஸ்சரில் உறைந்துவிட்டால் வீட்டின் சூரியனோடு கடைசிவரை சண்டை போடும். எட்டுப் பலகைக்கும் சாயலில் மிக மெல்லிய வித்தியாசம் கொடுங்கள், பத்துப் படி வெளிச்சத்துக்குள். நிஜத்தில் ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு மாதிரி நீர் குடிக்கும், சாயல் மாறும். ஒன்றிரண்டு பலகையின் கீழ் ஓரத்தில் ஜல்லி லேசாகத் தெரியும் தேன்கூடு போன்ற பொத்தல் இருந்தால் நல்லது. ஆனால் கண்ணைப் பிடித்து இழுக்கும் கறை எதுவும் இந்தப் படத்தில் கூடாது. 14.4 மீட்டர் சுவரில் இது மூன்று முறை திரும்ப வரும்; ஒரே கறை மூன்று முறை வந்தால் அது சுவரொட்டி என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

இன்னும் இரண்டு படம் தேவை. ஒன்று கூரையின் அடிப்பக்கத்துக்கு: கோடு உண்டு, துளை கிடையாது. துளை என்பது எதிரெதிர்ப் பலகைகளை இழுத்துக் கட்டிய கம்பியின் தடம். கூரைக்கு அடியில் பலகை, முட்டு, அவ்வளவுதான். கட்ட எதிர்ப்பலகை ஏது? கூரையில் துளை போட்ட மெய்நிகர் வீடுகள் நிறைய உண்டு, கட்டடம் தெரிந்தவர் கண்ணில் அது உடனே உறுத்தும். மற்றொன்று தரைக்கும், திறப்பின் பக்கவாட்டுக் கனத்துக்கும்: கோடும் துளையும் இல்லாத வெறும் காங்கிரீட். மூன்று படத்தில் வீடு முடிந்தது. மரப்பலகைத் தடம் பதிந்த சொரசொரப்பான சுவர் வேண்டும் என்று ஆசை இருந்தால் ஒரே ஓர் உறுப்புக்கு மட்டும் வையுங்கள், கணப்பு அடுப்புக்கோ ஒரு தனித் தடுப்புக்கோ. 0.15 மீட்டருக்கு ஒரு பலகை, அதாவது 32 பிக்சல்.

ஏற்றும் முன் சோதியுங்கள். டெக்ஸ்சர் தேர்வு சாளரத்தில் லோக்கல் என்ற வழி இருக்கிறது. கணினியில் இருக்கும் படத்தை அப்படியே சுவரில் ஒட்டிப் பார்க்கலாம். கிம்ப்பில் சேமிக்கும்போதெல்லாம் சுவரிலும் மாறும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும், செலவில்லை. ஒரு பதிவேற்றத்துக்கு 10 லிண்டன் டாலர் (செகண்ட் லைஃபின் பணம்) என்பது பெரிய தொகை இல்லை, ஆனால் இருபது முறை திருத்தி ஏற்றினால் இருபது வீண் படம் இன்வென்டரியில் குவியும்.

இப்போது ஒட்டுவது. நீளத்தை 4.8-ஆல் வகுத்தால் படம் எத்தனை முறை திரும்ப வரும் என்ற ரிப்பீட் எண் வரும். 14.4 மீட்டருக்கு 3, 4.8 உயரத்துக்கு 1. வடக்குச் சுவரின் 6.0 உயரத்துக்கு 1.25. பழைய முறை டெக்ஸ்சரில் செகண்ட் லைஃப் முகத்தின் நடுவிலிருந்துதான் படத்தைப் பெருக்குகிறது, ஓரத்திலிருந்து இல்லை. பலரும் தடுமாறுவது இங்கேதான். முழு எண் வராத இடங்களில் கோடு ஓரத்தில் தொடங்காமல் பாதியில் தொடங்கும். அதற்குப் படத்தை நகர்த்தும் ஆஃப்செட் தேவை: ரிப்பீட்டிலிருந்து ஒன்றைக் கழித்து இரண்டால் வகுங்கள். 1.25-க்கு 0.125. வாசல் மேல் விட்டத்தின் 2.4 அகலத்துக்கு ரிப்பீட் 0.5, ஆஃப்செட் மைனஸ் 0.25. இந்தச் சூத்திரத்தில் படம் அந்த முகத்தின் ஓரத்திலிருந்து சரியாகத் தொடங்கும்.

மேற்குச் சுவர் விலக்கு, அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். சுவர் 8.4, ரிப்பீட் 1.75. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தப் பக்கம் 9.6 மீட்டர், இரண்டு முனையிலும் நீளச் சுவர்களின் 0.6 வெட்டுமுகம் சேர்ந்து தெரிகிறது. முதல் பலகை அந்த வெட்டுமுகத்தில் தொடங்கி, 0.6 மீட்டர் ஓடி, அடுத்த ப்ரிமுக்குள் தடையில்லாமல் நுழைய வேண்டும். 1.75-க்கு ஆஃப்செட் 0 வைத்தால் கோடு சுவரின் நடு மையத்தில் விழும், அதுதான் இங்கே சரி. வெட்டுமுகத்துக்கு ரிப்பீட் 0.125, இடது முனைக்கு ஆஃப்செட் 0.0625, வலது முனைக்கு மைனஸ் 0.0625. இப்போது பலகையின் முதல் துளை, ஓரத்திலிருந்து 0.4 மீட்டரில் இருப்பது, வெட்டுமுகத்துக்குள் முழுசாக உட்காரும். ப்ரிம் சேரும் இடத்தில் எந்தத் துளையும் பாதியாக வெட்டுப்படாது. இந்த மூலை சரியாக வந்த பிறகு அங்கே இரண்டு ப்ரிம் சேர்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஊற்றி வார்த்த ஒரே கட்டி போல நிற்கும். இந்த வேலையில் அதைவிட நிறைவான நிமிடம் வேறில்லை.

2023 இறுதியில் வந்த பிபிஆர் மெட்டீரியல் (பரப்பில் வெளிச்சம் எப்படிப் படியும் என்பதையும் சேர்த்துச் சொல்லும் புதிய முறை) பயன்படுத்தினால் கணக்கு மாறும். அங்கே பெருக்கம் மூலையிலிருந்து தொடங்குகிறது, நடுவிலிருந்து இல்லை. அதனால் மேலே சொன்ன ஆஃப்செட் எண்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். மூலைக்கு மூலை பார்த்துத் தனியாக அமையுங்கள். ஒரே முகத்தில் பிபிஆர், பழைய டெக்ஸ்சர் இரண்டையும் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். பழைய வியூவரில் (செகண்ட் லைஃபைத் திறக்கும் மென்பொருள்) வருகிறவருக்குப் பழையதுதான் தெரியும்.

பிபிஆரில் காங்கிரீட்டுக்கு மெட்டாலிக் (உலோகத்தன்மை) 0, ரஃப்னஸ் (சொரசொரப்பு) 0.8-ஐ ஒட்டி. தரைக்கு மட்டும் 0.45 வரை இறக்கலாம், தேய்த்து மெருகிட்ட தரை போல ஜன்னல் வெளிச்சம் மங்கலாக அதில் படியும். நிறத்தில் கவனம் வேண்டும். 'காங்கிரீட் என்றால் சாம்பல்' என்று நிற எண்களை 128-ஐச் சுற்றி வைத்தால் உள்ளே குகையாகிவிடும். 160-லிருந்து 175-க்குள் வைத்து, நீலத்தை ஒன்றிரண்டு படி குறைத்தால் உலர்ந்த சிமெண்டின் இளஞ்சூடான சாயல் வரும். மேடுபள்ளத்தைக் காட்டும் நார்மல் மேப் படத்தில் ஒரு பிசகு அடிக்கடி நடக்கும்: துளைகள் உள்ளே குழியாமல் வெளியே கொப்புளம் போலப் புடைத்துத் தெரியும். டைரக்ட் எக்ஸ் முறையில் செய்த மேப் என்று பொருள். செகண்ட் லைஃப் எதிர்பார்ப்பது ஓபன் ஜிஎல் முறை. படத்தின் பச்சை சேனலை மட்டும் தலைகீழாக்கினால் குழி குழியாகும்.

வெளிச்சம்

கூரைக்கும் வடக்குச் சுவருக்கும் நடுவில் விட்ட 0.6 மீட்டர் இடைவெளிக்கு வருவோம். சூரிய ஒளி அதன் வழியாக இறங்கிச் சுவரை மேலிருந்து கீழாக வருடிக்கொண்டு போக வேண்டும். துளைகள், கோடுகள், சொரசொரப்பு எல்லாம் உயிர் பெறுவது அப்போதுதான். இடைவெளியை விட்டால் வெளிச்சம் தானாக வந்துவிடும் என்று நினைப்பதுதான் தவறு. கூரையின் மேல்விளிம்பு 5.4 மீட்டரில் இருக்கிறது. சூரியன் தெற்கே 45 பாகையில் நேராக நின்றால் ஒளி 0.6 மீட்டர்தான் கீழே இறங்கும், சரியாகக் கூரையின் அடி மட்டத்தில் நின்றுவிடும். அறைக்குள் ஒரு கீற்றுகூட வராது.

ஒளி சுவரின் பாதி உயரம், 2.4 மீட்டர் வரை இறங்க வேண்டுமானால் சூரியன் சுவருக்கு ஏறக்குறைய இணையாக நிற்க வேண்டும். உயரக் கோணம் 50 பாகை, சுவரின் கோட்டிலிருந்து அறைப்பக்கமாக 14 பாகை விலகல். மனையின் என்விரான்மென்ட் அமைப்பில் நிலையான வானம் ஒன்றை உருவாக்கி, சூரியனின் அசிமுத், எலிவேஷன் எண்களை இப்படி வைத்தால் 14 மீட்டர் சுவர் முழுக்க ஒளி சாய்வாக ஓடும். விலகலை 14-லிருந்து 8-ஆகக் குறைத்தால் இன்னும் கீழே இறங்கும், ஆனால் நிழலின் விளிம்பு பல்லுப் பல்லாகத் தெரியத் தொடங்கும். வியூவரின் நிழல் நுணுக்கம் அவ்வளவுதான்.

சுவரின் அடியில் அல்லது கூரை சேரும் இடத்தில் வெயில் மெல்லிய கோடாகக் கசிந்தால் கனம் போதவில்லை என்று பொருள். 0.6 கனமும், தரைத்தளம் சுவர்களுக்கு அடியில் முழுதாக ஓடுவதும் இதைத் தடுக்கும்.

அடுத்தது ரிஃப்ளெக்ஷன் புரோப், அறைக்குள் எது பிரதிபலிக்க வேண்டும் என்று சொல்லும் பெட்டி. இது இல்லாமல் பிபிஆர் காங்கிரீட்டை அறைக்குள் வைத்தால் மெருகிட்ட தரையில் வானத்தின் நீலம் தெரியும், கூரை இருந்தும் இல்லாதது போல. ஒரு பெட்டி ப்ரிம் எடுத்து ஃபீச்சர்ஸ் டேபில் ரிஃப்ளெக்ஷன் புரோப் என்பதைத் தேர்ந்தெடுத்து, வகை பாக்ஸ் என்று கொடுங்கள். அளவு 13.8, 9.0, உயரம் 5.4, அதாவது அறையின் எல்லாப் பக்கமும் சுவரின் பாதிக் கனம் வரை போகட்டும். அறைக்குச் சரியாக வெட்டினால் சுவர்முகம் புரோப்பின் விளிம்பில் விழுந்து திட்டுத் திட்டாகும். சுவரைத் தாண்டி வெளியே நீட்டினால் வெளிப்புறச் சுவர் காரணமில்லாமல் இருளும்.

இரவு விளக்குக்குச் சாதாரண பாயின்ட் லைட் வைக்காதீர்கள். அதற்கு நிழல் கிடையாது, சுவர் வழியாக ஊடுருவி வெளியே புல்தரையில் வட்டமாக விழும். 0.6 மீட்டர் காங்கிரீட் என்று சொல்லிவிட்டு அதன் வழியே வெளிச்சம் கசிந்தால் பாடுபட்டதெல்லாம் வீண். புரொஜெக்டர் வகை விளக்கு வையுங்கள். ப்ரிமின் கீழ்ப்பக்கமாக ஒளி பாயும், நிழலும் விழும். ஆனால் நிழல் தருவது ஒரே நேரத்தில் இரண்டு புரொஜெக்டர்தான். எனவே ஒரு அறைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஒளியின் நிறம் மஞ்சள் கலந்ததாக இருக்கட்டும், சாம்பல் சுவர் அப்போதுதான் கனிந்து நிற்கும்.

வருகிற எல்லோரும் நிழலை இயக்கி வைத்திருக்க மாட்டார்கள். பழைய மடிக்கணினியில் வருகிறவருக்கு இந்த வீடு தட்டையான சாம்பல் பெட்டிகளின் வரிசையாகத் தெரியும். அவர்களுக்காகப் பழைய முறை டெக்ஸ்சரின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் மெல்லிய கருமையை வரைந்து வையுங்கள், மூலைகளில் இயல்பாகத் தேங்கும் இருள் போல, 30 பிக்சல் அளவுக்கு. அதற்காக ஒளிபுகும் தனி ப்ரிமைச் சுவர் முன் நிறுத்துவது நல்ல வழி இல்லை. கண்ணாடி, செடி இலை போன்ற வேறு ஒளிபுகும் பொருட்களோடு முன்பின் குழம்பி ஒன்று மற்றதைத் தின்றுவிடும்.

கண்ணாடியையே தவிர்க்கலாம் என்பது என் கருத்து. இங்கே மழைச்சாரல் அடிக்காது, கொசு வராது. தெற்குத் திறப்பு வெறும் திறப்பாகவே இருக்கட்டும். திறப்பில் காங்கிரீட்டின் கனம் அப்படியே தெரியும், அந்த விளிம்பில் ஒரு கண்ணாடிச் சட்டம் வந்தால் பார்வை அதில் போய் நின்றுவிடும்.

உள்ளே என்ன வைப்பது

வடக்குச் சுவரை ஒட்டி ஒரு திண்ணை: 4.8 நீளம், 0.6 ஆழம், 0.5 உயரம். சுவரில் முட்டி நிற்கட்டும், கால் வேண்டாம். வெறும் காங்கிரீட் டெக்ஸ்சர். வெறும் பெட்டியில் அவதார் உட்கார்ந்தால் இடமும் நிலையும் தாறுமாறாக இருக்கும், ஏவிசிட்டர் போன்ற ஸ்கிரிப்ட் போட்டு உட்காரும் இடத்தை நீங்களே ஒழுங்கு செய்யுங்கள். எதிரே ஒரு மரமேசை, பழைய தேக்கின் நிறம். காங்கிரீட்டுக்குப் பக்கத்தில் மரம் மாதிரித் துணை நிற்கும் பொருள் வேறில்லை. ஒரு கம்பளி விரிப்பு. இவ்வளவு போதும். இரண்டாவது நாற்காலி வேண்டுமா என்று சந்தேகம் வந்தால் ஒரு வாரம் அது இல்லாமல் விட்டுப் பாருங்கள்.

மாடி வேண்டுமென்றால் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தனித்தனிப் படிகள் இந்தப் பாணிக்குப் பொருந்தும். படிகளின் ஃபிசிக்ஸை நன் (None) என்று வைத்து, மேலே ஒளிபுகும் சாய்தளம் ஒன்றை ஒற்றைப் ப்ரிமாகப் போடுங்கள். இல்லையென்றால் ஏறும்போது அவதார் ஒவ்வொரு படியிலும் குதிக்கும். லிங்க் செட்டின் ரூட் ப்ரிமுக்கு நன் கொடுக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். சாய்தளம் எங்கே இருக்கிறது என்று பிறகு தேட கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒளிபுகும் பொருட்கள் சிவப்பாகத் தெரியும்.

வீடு மண்ணைத் தொடும் இடத்தைக் கடைசியில் பாருங்கள். தரைத்தளத்தின் கீழ்ப்பாதியை, 0.3 மீட்டரை, மண்ணுக்குள் இறக்குங்கள். சுற்றிலும் பூச்செடி வைத்து அடியை மறைக்க வேண்டாம். மண்ணும் காங்கிரீட்டும் நேருக்கு நேர் முட்டும் கோடு தெரிய வேண்டும். ஒரு மரம் வைக்கலாம், கொஞ்சம் தள்ளி, அதன் நிழல் மேற்குச் சுவரில் விழும்படி. அந்தச் சுவர் வெறுமையாக இருப்பது அதற்காகத்தான்.

நிஜக் காங்கிரீட்டில் சில மழைக்காலம் போனால் கூரை விளிம்பிலிருந்து கருப்பு நீர்த்தடம் இறங்கும். இங்கே அது தானாக வராது. ஒரே ஒரு முகத்துக்கு, தெற்கு விட்டத்துக்கு மட்டும், தனிப் படம் செய்து, மேல் விளிம்பிலிருந்து மூன்று நாலு தடங்களை ஒன்றுக்கொன்று வேறு நீளத்தில் இறக்குங்கள். 4.8-க்கு 1.2 மீட்டர் முகம் என்பதால் 1024-க்கு 256 படமே போதும், அதில் கோடும் துளையும் பக்கத்துத் துண்டுகளோடு அதே இடத்தில் விழ வேண்டும். நிறம் கருப்பாக வேண்டாம். அடிப்படை நிறத்தைவிட இருபது படி இருண்டிருந்தால் போதும். தடம் கீழே வர வர மெலிந்து, விளிம்பை எட்டும் முன் மறைந்துவிடட்டும்.